சொந்த ஊர்க்காரர்

அயலூருக்குப் போன இடத்தில் சொந்த ஊர்க்காரர் ஒருவரைக் கண்டுவிட்டால் மனுஷனுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. ஊரில் இருந்த வரையில் அவரோடு முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டோம். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறுகூட இருந்திருக்கும். ஆனாலும் கடல் கடந்து போய், முன்பின் தெரியாத கூட்டத்தில் நிற்கும்போது அந்த முகம் தென்பட்டால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும்.

2017-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில் எனக்கும் அந்தப் பாக்கியம் கிட்டியது. ஒரே ஒரு வித்தியாசம், நான் கண்ட ஊர்க்காரர் சிறையில் இருந்தார். அன்று சாயங்காலம் அவருக்கு மரண தண்டனை.

அவர் ஒரு மைனா.

கான்பெராவில் என் அக்கா இருக்கிறாள். அத்தானுக்கு அங்கே அரசாங்க உத்தியோகம். "ரெண்டு மாசம் வந்து இரு தம்பி, நிம்மதியா நாவலை முடிச்சுக்கிட்டுப் போ" என்று பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனேன். நாவல் முடியவில்லை என்பது வேறு விஷயம்.

போய்ச் சேர்ந்த மறுநாள் விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிட்டது. வெளியே ஒரே பறவைச் சத்தம். அதில் ஒரு குரல்கூட எனக்குத் தெரிந்ததாக இல்லை. வெள்ளைக் கொண்டைக் கிளிகள் தகரத்தைக் கிழிப்பது போல் கத்தின. கறுப்பும் வெள்ளையுமான ஏதோ ஒரு பறவை, புல்லாங்குழலில் தண்ணீரை விட்டு ஊதினாற்போல் பாடிற்று. குக்கபரா என்கிற பெரிய மீன்கொத்தி ஊரையே பரிகசிப்பது போல் சிரித்தது. அந்த அமளிக்கு நடுவே, தொண்டையைக் கனைத்து, இரண்டு தடவை சீட்டி அடித்து, கடைசியில் கடன்காரனைத் திட்டுகிற மாதிரி கரகரத்தது ஒரு குரல். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தஞ்சாவூர் ஜில்லாவில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கேட்ட குரல் அது.

என் அப்பா தமிழ்ப் பண்டிதர். மைனா என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "நாகணவாய்ப்புள் என்று சொல்லுடா. வாய் நோகிறதா? பூவை என்று சொல். அந்தக் காலத்துப் பெண்கள் கிளியையும் பூவையையும் வளர்த்துப் பேசப் பழக்கினார்கள்" என்பார். வயலில் ஏர் ஓடும்போது கலப்பைக்குப் பின்னாலேயே நாலைந்து பூவைகள் நடந்து வரும். மண்ணோடு புரண்டு வரும் புழுவைக் கொத்திக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, குத்தகை வசூலிக்க வந்த கணக்குப்பிள்ளை மாதிரி ஒரு நடை. அந்த நடையை அப்பா எனக்கு நடந்தே காட்டுவார்.

குரல் வந்த திக்கில் போய்ப் பார்த்தேன். வேலிக்கு அப்பால், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், கம்பி வலையால் செய்த கூண்டு ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு அறை. முதல் அறையில் நாய்களுக்குப் போடுகிற உலர்ந்த தீனி சிதறிக் கிடந்தது. அங்கிருந்து உள் அறைக்குப் போக ஒரு புனல் வழி. போகலாம், திரும்ப முடியாது. உள்ளே நிழலுக்கு ஒரு பலகை, கிண்ணத்தில் தண்ணீர், உட்காரக் குச்சி எல்லாம் வைத்திருந்தார்கள். குச்சியின் மேல் நம்மவர் உட்கார்ந்து, மஞ்சள் வளையமிட்ட கண்ணால் என்னைப் பார்த்தார்.

"பிடித்துவிட்டேன்!" என்று பின்னால் ஒரு குரல். பக்கத்து வீட்டு அம்மாள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நாலு வயசு. மெலிந்த உடம்பு, தொப்பி, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அக்காவின் தம்பி என்று தெரிந்ததும் கை குலுக்கினார். பிறகு, நான் எந்தத் தேசத்துக்காரன் என்பது நினைவுக்கு வந்தது போல, சற்றுக் கூச்சத்தோடு கூண்டைப் பார்த்தார்.

அந்தக் கூச்சத்தின் காரணம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அந்த ஊரில் அந்தப் பறவைக்குப் பெயர் "இந்தியன் மைனா". 2006-இல் அங்கே தொடங்கிய குழுவின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. சாதாரண ஜனங்கள், கிழவர்களும் கிழவிகளும் குடும்பஸ்தர்களும், தங்கள் தங்கள் கொல்லையில் கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் பட்டறையில் கூடி உட்கார்ந்து கூண்டு செய்து தருகிறார்கள். பிடித்ததை வலி தெரியாதபடி வாயுவைச் செலுத்தி முடிக்க வேண்டும். அடிக்கக் கூடாது, வதைக்கக் கூடாது. நாள்தோறும் கூண்டைப் பார்க்க வேண்டும். உள்ளூர்ப் பறவை மாட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் விதிமுறை. இப்படிப் பல பதினாயிரம் மைனாக்களை அந்த ஒரு நகரத்தில் பிடித்திருக்கிறார்கள்.

"ரேடியோவிலே ஒருத்தர் 'இந்தியன் மைனாவை ஒழிக்கணும்'னு பேசுறப்போ எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்டா" என்றாள் அக்கா. அவள் பையனைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வால் பயல் "மைனா" என்று கூப்பிட்டிருக்கிறான். இவனும் திருப்பி ஏதோ சொல்லி, விஷயம் சிரிப்போடு முடிந்துவிட்டது. பையன் மறந்துவிட்டான். அக்கா மறக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும் ஒருநாளும் "இந்தியன்" என்று சொல்ல மாட்டார். "சாதாரண மைனா" என்றுதான் சொல்வார். மரியாதைப்பட்ட மனுஷி.

ஒருநாள் என்னைத் தெருக் கோடிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மிகப் பெரிய யூகலிப்டஸ் மரம். நம் ஊட்டிப் பக்கத்துத் தைல மரத்தின் ஜாதிதான். ஆனால் நம் மரம் இதற்குப் பேரன் முறை ஆகவேண்டும். உயரத்தில், கிளை முறிந்த இடத்தில், ஒரு பொந்து.

"அந்தப் பொந்து உண்டாக எத்தனை வருஷம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்?"

"பத்து வருஷம்?"

"நூறு வருஷத்துக்கு மேல். எங்கள் ஊரில் மரத்தைத் துளைக்கும் மரங்கொத்தி கிடையாது. மரம் கிழடாகி, கிளை முறிந்து, உளுத்து, தானாகக் குழிய வேண்டும். எங்கள் கிளிகளுக்கு அதை விட்டால் வேறு வீடு இல்லை."

பேசிக்கொண்டிருக்கும்போதே பொந்தின் வாயில் ஒரு தலை தெரிந்தது. ரோஸெல்லா என்கிற கிளி. உடம்பு குங்குமச் சிவப்பு, கன்னத்தில் நீலம். கல்யாணப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

மைனாவுக்கும் பொந்துதான் வேண்டும். ஆனால் ஒரு பொந்தோடு அது திருப்திப்படுவதில்லை. தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பொந்துகளிலும் குப்பையையும் பிளாஸ்டிக்கையும் திணித்து வைத்துவிடும். முட்டை இருந்தால் தள்ளிவிடும். குஞ்சு இருந்தால் கொத்திவிடும். கான்பெராவாசிகள் 1981 முதற்கொண்டு தங்கள் தோட்டத்துக்கு வரும் பறவைகளை எண்ணி எழுதி வைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் கணக்கை வைத்து 2012-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. மைனா காலூன்றிய பேட்டைகளில் சிவப்பு ரோஸெல்லா, வெள்ளைக் கொண்டைக் கிளி, குக்கபரா, இன்னும் பல சிறு பறவைகள் நாளடைவில் குறைந்து போனதாக அது சொல்லிற்று. மரங்கள் அடர்ந்த இடத்தில் மைனாவின் ஆதிக்கம் குறைவு. வீடும் புல்வெளியும் குப்பைத் தொட்டியுமாக மனுஷன் திருத்திய இடத்தில்தான் அதற்குக் கொண்டாட்டம்.

"இது எப்படி இங்கே வந்தது?" என்று கேட்டேன்.

அதற்கு ஒரு பெரிய வம்சாவளியே இருந்தது. 1762-லேயே வெட்டுக்கிளியை ஒழிப்பதற்காக இந்தியாவிலிருந்து மொரீஷியஸ் தீவுக்கு மைனாவைக் கொண்டுபோனார்கள். ஆஸ்திரேலியாவுக்கு வந்தது நூறு வருஷம் கழித்து, 1862 வாக்கில். மெல்போர்னில் காய்கறித் தோட்டங்களில் புழு பூச்சியைத் தின்பதற்காக வரவழைத்தார்கள். ஏர்க்காலின் பின்னே நடந்து வேலை செய்கிற பறவை என்று யாரோ சிபாரிசு செய்திருப்பார்கள் போலிருக்கிறது! இருபது வருஷம் கழித்து வடக்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். கான்பெராவுக்குக் கடைசியாகத்தான் வந்தது. 1968 முதல் 1971-க்குள் அங்கே விட்ட பறவைகள் ஏறக்குறைய 110. பாக்கி எல்லாம் அவற்றின் சந்ததி.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் 2000-ஆம் ஆண்டில், புகுந்த இடத்தைக் கெடுக்கும் 100 உயிரினங்களின் பட்டியல் ஒன்று வெளியிட்டார்கள். அதில் பறவை மூன்றே மூன்று. ஒன்று மைனா. இன்னொன்று, நம் வேலியோரத்தில் பாடுகிற சாதுவான கொண்டைக்குருவி. மூன்றில் இரண்டு நம் ஊர் என்று கேட்டபோது எனக்குப் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

"உங்கள் மரமும் சும்மா இருக்கவில்லை" என்றேன் நானும் விட்டுக்கொடுக்காமல். யூகலிப்டஸ் 1843-இல் நீலகிரிக்கு வந்ததையும், அதோடு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம் எங்கள் மலைப் புல்வெளிகளை விழுங்கிவிட்டதையும் சொன்னேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "மரத்தை நாங்கள் அனுப்பினோம், பறவையை நீங்கள் அனுப்பினீர்கள். சரியாய்ப் போயிற்று" என்றார்.

வாஸ்தவத்தில் அவரும் அனுப்பவில்லை, நானும் அனுப்பவில்லை. பறவையையும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் நானாகக் கூண்டைப் பார்த்து, "ஒன்று மாட்டியிருக்கிறது" என்று உற்சாகமாகப் போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்துவிட்டு உடனே கதவைத் திறந்துவிட்டார். அது நாய்ஸி மைனர் என்ற உள்ளூர்ப் பறவையாம். அதற்கும் மஞ்சள் மூக்கு, கண்ணோரம் மஞ்சள். உடம்பு மட்டும் சாம்பல். பெயரும் ஏறக்குறைய ஒன்று. அதுவும் சண்டைக்காரப் பறவைதான். மற்றப் பறவைகளைக் காட்டைவிட்டே துரத்துகிற அதன் அட்டகாசத்தை, 2014-இல் மத்திய அரசாங்கமே பெரிய அபாயம் என்று சட்டப்படி பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் அது அந்த மண்ணில் பிறந்தது. கூண்டில் மாட்டினால் விடுதலைதான். இதைக் கேட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. "ஹும்" என்றாள். அந்த "ஹும்"முக்குள் ஒரு புஸ்தகமே இருந்தது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

அப்பாவின் திதி ஐப்பசியில் வரும். திதி கொடுக்க வேண்டிய பிள்ளை நான் அந்த வருஷம் ஊரில் இல்லை. அக்கா விடியற்காலையிலேயே குளித்து, அப்பாவுக்குப் பிடித்த வாழைக்காய்க் கறியும் பாயசமும் சமைத்தாள். அவர் படத்துக்கு முன் படைத்துவிட்டு, ஓர் இலையில் சோறும் எள்ளும் வைத்து வேலி ஓரத்து மேடையில் கொண்டுபோய் வைத்தேன். "கா, கா" என்று கூப்பிட்டேன். அங்கே காக்காய் இல்லாமல் இல்லை. நம் காக்காயைவிடப் பெரிசு. குரல் மட்டும் பசித்த குழந்தை அழுகிற மாதிரி. தூரத்து மரத்தில் உட்கார்ந்து அழுததே தவிர, வரவில்லை. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. அக்காவின் முகம் சுண்டிப் போய்விட்டது.

அப்போது வந்தன இரண்டு மைனாக்கள். மேடையில் இறங்கித் தலையை ஆட்டிக்கொண்டு, அதே கணக்குப்பிள்ளை நடை நடந்து இலைக்கு வந்தன. சோற்றைக் கொத்தின.

"அப்பா!" என்றாள் அக்கா. கண்ணில் ஜலம் கொட்டுகிறது. "பூவைன்னு சொல்லுடாம்பாரே... அப்பாதான்டா வந்திருக்கார்."

எனக்கும் தொண்டை அடைத்தது. பகுத்தறிவு, ஆராய்ச்சி எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

நாங்கள் சாப்பிட்டு எழுந்து வந்து பார்த்தபோது அவற்றில் ஒன்று கூண்டுக்குள் இருந்தது. மற்றொன்று கூண்டின் மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே போயிருந்தார். நாலு மணிக்குத்தான் திரும்புவார்.

"தம்பி, அவங்க வர்றதுக்குள்ளே ஏதாவது செய்யேன்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

பிறத்தியார் தோட்டத்துக்குள் திருடன் போல் நுழைந்தேன். தாழ்ப்பாளை நீக்கினேன். அது என் விரலை ஒரு கொத்துக் கொத்திவிட்டு வெளியே பாய்ந்து, தெருக் கோடி மரத்தைப் பார்க்கப் பறந்தது. அப்பாவையே விடுதலை செய்துவிட்ட மாதிரி எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. மாலையில் அந்த அம்மாள் திறந்து கிடந்த கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, "காற்று பலமாக அடித்தது" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இருக்கலாம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலையில் உலாவப் போனேன். பெரிய மரத்தடியில் அந்த அம்மாள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். புல்லில் உடைந்து கிடந்த வெள்ளை முட்டை ஓடுகள். ஒன்றிலிருந்து ஒரு சிவந்த தசைத் துணுக்கு வெளியே வந்து எறும்பு மொய்த்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். பொந்தின் வாயில் ஒரு மைனா. மூக்கில் ஒரு பிளாஸ்டிக் உறையின் கிழிசல். உள்ளே போயிற்று, வெறும் மூக்கோடு வெளியே வந்தது, மறுபடியும் போயிற்று. கொஞ்ச தூரத்தில் ஒரு கிளையில் சிவப்புக் கிளிகள் இரண்டும் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தன.

அது நான் விட்ட மைனாவா? யாரால் சொல்ல முடியும்? எல்லா மைனாவும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. ஆனால் என்னால் வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

"அன்றைக்குக் காற்று அடிக்கவில்லை" என்றேன்.

"தெரியும்" என்றார். "அந்தத் தாழ்ப்பாளை நானே போட்டேன். காற்றுக்குத் திறக்காது."

அப்பா, திதி, சோறு எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். அவர் சிறு பெண்ணாக இருந்தபோது அவர்கள் தோட்டத்துக்கு முதல் மைனா வந்ததாம். "எவ்வளவு சமர்த்தான பறவை! நானும் என் தகப்பனாரும் பிஸ்கட்டைப் பொடித்துப் போட்டுப் பழக்கினோம். தினம் காத்திருப்போம். நான் இப்போது பிடிப்பதெல்லாம் அந்த பிஸ்கட்டுக்காகத்தான்."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இன்று சாயங்காலம் கூண்டில் இரண்டு இருக்கின்றன. நீங்கள் வருகிறீர்களா?" என்று கேட்டார்.

போனேன். போகாமல் இருந்தால் அன்றிலிருந்து என்னை நானே மதித்திருக்க மாட்டேன். அதைப் பற்றி அதிகம் எழுதப் பிரியமில்லை. கூண்டின் உள்ளறையைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு போனோம். பெட்டியை நான் பிடித்துக்கொண்டேன். அவர் வாயுக் குழாயைத் திருகினார். உள்ளே கொஞ்சம் சிறகடிப்புக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அந்த அம்மாளின் கை நடுங்கிற்று. பதினொரு வருஷமாகச் செய்கிறவர், இன்னும் நடுங்குகிறது.

பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தேதி போட்டு "2" என்று எழுதினார். அந்தக் கணக்கு மாதா மாதம் குழுவுக்குப் போகும். பக்கத்தைப் புரட்டும்போது என் கண் அப்பாவின் திதி நாளில் விழுந்தது. அங்கே "1" என்று எழுதி, அடித்து, "0" என்று போட்டிருந்தது. அன்று வெளியே கிளம்பும்போதே கூண்டில் ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து "இருக்கலாம்" என்று சொன்னவர், மூன்று வாரம் அக்காவோடு எப்போதும் போல் சிரித்துப் பேசியவர், இதைத் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறார்.

நம் ஊர்ப் பக்கம் சீமைக் கருவேலத்தை ஊர் கூடி வேரோடு பிடுங்குகிறோம். யாரும் கண்ணீர் விடுவதில்லை. மரத்துக்குக் குரல் இல்லை. அதன் நடை யாருடைய அப்பாவையும் நினைவூட்டுவதில்லை. சேஷெல்ஸ் நாட்டில் சில சிறு தீவுகளிலிருந்து மைனாவை அடியோடு நீக்கியே விட்டார்கள். தீவுக்கு எல்லை உண்டு. நகரத்துக்கு ஏது? இங்கே பிடித்தால் அடுத்த பேட்டையிலிருந்து வரும். இந்த வேலை முடிகிற வேலை அல்ல என்பது அந்த அம்மாளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கொண்டுவந்து விட்டவர்கள் நல்ல எண்ணத்தோடு விட்டுவிட்டு, நிம்மதியாகச் செத்துப் போய்விட்டார்கள். பாவத்தைக் கழுவுகிற வேலை பிஸ்கட் போட்ட ஒரு சிறு பெண்ணுக்கு வந்து சேர்ந்தது. நான் தாழ்ப்பாளைத் திறந்தபோது என் நெஞ்சு நிறைந்தது உண்மைதான். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை. அந்தக் கிளிகள் கொடுத்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் கார்த்திகை அமாவாசை வந்தது. அக்கா வழக்கம்போல் இலையில் சோறு வைத்தாள். ஆனால் இந்தத் தடவை உள்ளே வரவில்லை. குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். மைனாக்கள் வந்தன. குடையை ஓங்கினாள்; போய்விட்டன. மறுபடி வந்தன, மறுபடி ஓங்கினாள். வெயில் ஏறிவிட்டது. "உள்ளே வா அக்கா, தலை சுத்தப் போவுது" என்றேன். அசையவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அந்த அழுமூஞ்சிக் காக்காய் மனசு இரங்கி வந்து நாலு வாய் தின்றது. அது பறந்த மறு நிமிஷமே அக்கா இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். ஒரு பருக்கைகூட வெளியில் விடவில்லை.

வேலிக்கு அப்பால் அந்த அம்மாள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருப்பார். ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியை மட்டும் லேசாகத் தொட்டு அக்காவுக்குத் தலையசைத்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக் கொல்லையில் ஒரு மைனா நடந்துகொண்டிருக்கிறது. இது இதன் ஊர். யாரும் கூண்டு வைக்க மாட்டார்கள். "பூவையே, சௌக்கியமா?" என்று கேட்கலாம் போலிருக்கிறது. கேட்கவும் கேட்டேன். விரலில் அன்று கொத்திய இடத்தில் ஒரு சின்ன வடு இன்னும் இருக்கிறது.